மூன்று சக்கர இழுவை வண்டியும் அதன் டிரெய்லரும்: புதுப்பிப்புப் பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

மூன்றாண்டுகளுக்கு முன் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தாங்கள் ஒப்புதல் அளித்த சாலை வாகனப் புதுப்பிப்புப் பணி நிறைவுற்றது என்பதை இக்குழு மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறது. இங்கிலாந்தின் வாட்ஃபோர்டு நகரிலிருந்த ஸ்கேமெல் தொழிற்சாலையில் 1950களில் உருவான, 3 டன் ஸ்கேரப் என்னும் மூன்று சக்கர இழுவை வண்டி நமது பாரம்பரிய இரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகையின் முன் மீண்டும் ஓடுகிறது. அதன் பின்னால் அதற்குரிய டிரெய்லரும் வருகிறது. தாங்கள் ஒப்புதல் அளித்த திட்டத்தில் இழுவை வண்டி மட்டுமே இருந்தது, டிரெய்லர் இல்லை. பணி ஓராண்டு நீண்டதற்கும் செலவு முதல் மதிப்பீட்டைத் தாண்டியதற்கும் அந்த டிரெய்லரே காரணம் என்பதால், இவ்வறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

இந்த வண்டி ஏன் பிறந்தது என்பதைச் சற்று நினைவுகூர்ந்தால்தான் டிரெய்லரையும் சேர்த்த எங்கள் முடிவு விளங்கும். பிரிட்டனின் இரயில்வே நிறுவனங்கள் சரக்கை நிலையத்தோடு விட்டுவிடவில்லை. கடை வாசலிலிருந்து எடுத்து வருவதும், வந்திறங்கியதை வீட்டு வாசலில் சேர்ப்பதும் அவற்றின் பொறுப்பாகவே இருந்தன. அந்த வேலையைக் குதிரைகள் செய்தன. 1928இல் நிறைவேறிய சட்டங்கள் அன்றைய நான்கு பெரிய இரயில்வே நிறுவனங்களுக்கும் சாலைப் போக்குவரத்தில் விரிந்த உரிமை அளித்தபோது, குதிரையின் இடத்தில் லாரியை வைப்பது எளிதென்று தோன்றியிருக்கலாம். ஆனால் சரக்கு முற்றங்களும் அவற்றைச் சுற்றிய சந்துகளும் குதிரை திரும்பும் அளவுக்கே கட்டப்பட்டவை. நான்கு சக்கர லாரி அங்கே நுழைந்தால் முன்னும் பின்னுமாக நகர்ந்து திரும்புவதிலேயே நேரம் போய்விடும். அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. குதிரையை அவிழ்த்து வேறு வண்டியில் பூட்டலாம். லாரியிலோ இஞ்சினும் சரக்குத் தட்டும் ஒன்றாகவே இருப்பதால், மூட்டைகள் ஏறும்வரை இஞ்சினும் ஓட்டுநரும் சும்மா நிற்க வேண்டும்.

நேப்பியர் நிறுவனத்தில் தொடங்கிய ஒரு வடிவமைப்பை ஸ்கேமெல் வாங்கி, தலைமை வடிவமைப்பாளர் ஆலிவர் நார்த்தின் கைவண்ணத்தில் 1930களில் ‘மெக்கானிக்கல் ஹார்ஸ்’, அதாவது இயந்திரக் குதிரை, என்ற பெயரில் வெளியிட்டது அந்த இரண்டு சிக்கல்களுக்குமான விடைதான். முன்னால் ஒற்றைச் சக்கரம் இருந்ததால் வண்டி தன் நீளத்துக்குள்ளேயே திரும்பிவிடும் என்று சொல்லுமளவுக்கு வளையும். பின்னால் இருந்த தானியங்கி இணைப்போ குதிரையை அவிழ்த்துப் பூட்டும் வசதியை அப்படியே திருப்பித் தந்தது. அதன் வழித்தோன்றலான ஸ்கேரப், இரயில்வே நாட்டுடைமையான 1948ஆம் ஆண்டில் வெளிவந்தது. புதிய நிர்வாகத்திடம் அப்போதும் ஏறக்குறைய 9,000 குதிரைகள் இருந்தன. ஸ்கேரப்பின் உற்பத்தி 1967இல் நின்றது. நியூமார்க்கெட்டில் பந்தயக் குதிரைகளை ஏற்றும் பெட்டிகளை இழுத்துக்கொண்டிருந்த சார்லி என்ற குதிரை, பிரிட்டிஷ் இரயில்வேயின் கடைசி இழுவைக் குதிரையாக ஓய்வு பெற்றதும் அதே 1967இல்தான்.

இணைப்பு இயங்கும் விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தனியாக நிற்கும் டிரெய்லரின் முன்பகுதியை இரண்டு சிறு சக்கரங்கள் கொண்ட கால்கள் தாங்கி நிற்கும். ஓட்டுநர் இழுவை வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தினால், டிரெய்லரின் முன்னுருளைகள் வண்டியின் பின்சட்டத்திலுள்ள சரிவுத் தண்டவாளங்களில் ஏறும்; கொக்கிகள் பூட்டிக்கொள்ளும்; கால்கள் தாமாகவே மடங்கி உயரும்; டிரெய்லரின் பிரேக்கும் அந்த அசைவிலேயே இணைந்துவிடும். கழற்றுவதற்கு ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்க வேண்டியதில்லை. நெம்புகோலை இழுத்துவிட்டு வண்டியை முன்னே நகர்த்தினால், கால்கள் இறங்கிப் பாரத்தை ஏற்றுக்கொள்ளும். ஒரு டிரெய்லரில் சரக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது சாலையில் செல்லும், மூன்றாவது வாடிக்கையாளர் வாசலில் இறக்கப்பட்டுக்கொண்டிருக்கும். மூன்றுக்கும் ஒரே இழுவை வண்டி போதும்.

இது புரிந்த பிறகு, இழுவை வண்டியை மட்டும் புதுப்பித்து நிறுத்துவது ஏர் இல்லாத உழவு மாட்டைத் தொழுவத்தில் கட்டி வைத்து அழகு பார்ப்பதற்குச் சமம் என்று எங்களில் பெரும்பாலோருக்குத் தோன்றியது. குழுவில் இருவர் இதை ஏற்கவில்லை. ஒப்புதல் பெறாத செலவில் இறங்குவது முறையல்ல என்ற அவர்களது எதிர்ப்பு குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது; அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். சிறப்புக் கூட்டம் கூட்டித் தங்கள் ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும். டிரெய்லரை விற்பவர் காத்திருக்க மாட்டார் என்ற அவசரத்தில் அதைச் செய்யத் தவறினோம்.

முதலில் இழுவை வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகள் திறந்த வெளியில் கிடந்த வண்டியின் கேபினில் தரைத்தகடும் கதவுகளின் அடிப்பகுதியும் துருவேறி உதிர்ந்திருந்தன. நமது டிங்கர் பிரிவினர் கெட்ட பகுதிகளை மட்டும் வெட்டியெடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைத்தார்கள், நல்ல தகட்டில் கை வைக்கவில்லை. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கும் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்ப்பதைத் தடைசெய்து, நனைத்தே தேய்க்கச் செய்தோம். பிரேக் லைனிங் விஷயத்தில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவைப்பட்டது. பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முற்றாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்தான். அதற்கு முந்தைய எந்த லைனிங்கிலும் அது இருக்கலாம். எனவே பிரேக் உருளையைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசி தட்டும் பழைய பட்டறை வழக்கத்தை முற்றிலும் விலக்கி, ஈரமாக்கித் துடைத்து, கழிவைப் பையில் கட்டி, உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைத்தோம்.

இஞ்சினை இறக்கியபோதுதான் முதல் பெரிய ஏமாற்றம். ஏறக்குறைய 2 லிட்டர் கொள்ளளவுள்ள அந்தப் பக்கவாட்டு வால்வு பெட்ரோல் இஞ்சினை, ஏதோ ஒரு குளிர்காலத்தில் தண்ணீரை வடிக்காமல் விட்டிருக்கிறார்கள். உறைந்த நீர் விரிந்து, பிளாக்கின் நீர்ச்சுவரில் ஒரு கை நீளத்துக்கு வெடிப்பை உண்டாக்கியிருந்தது. வார்ப்பிரும்பைச் சாதாரண முறையில் பற்றவைத்தால், சூடேறிக் குளிரும்போது பக்கத்திலேயே புது வெடிப்பு விழும். ஆகவே வெடிப்பின் குறுக்கே உலோகப் பூட்டுகளைப் பதித்து, அதன் நெடுகிலும் துளையிட்டு மரையாணிகளை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு இறுக்கும் ‘தையல்’ முறையைத் தேர்ந்தெடுத்தோம். இதில் வெப்பமே பயன்படுவதில்லை. வெளிப்பட்டறை ஒன்றில் செய்யப்பட்ட அந்தத் தையலில் இன்றுவரை ஒரு சொட்டு நீர் கசியவில்லை.

எரிபொருள் குறித்துப் பலர் கேட்டிருந்தீர்கள். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் வழக்கமான பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது பழைய ரப்பர்க் குழாய்களையும் கேஸ்கட்டுகளையும் அரிக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றியதோடு, எத்தனால் 5 விழுக்காட்டைத் தாண்டாத உயர்தரப் பெட்ரோலையே நிரப்ப வேண்டும் என்று டேங்க் மூடியருகே எழுதியும் வைத்துள்ளோம்.

டயர்களைப் பற்றியும் விளக்கம் கேட்கப்பட்டது. லாரிகளின் முன் அச்சில் 10 ஆண்டுகளுக்கு மேற்பட்ட டயர்கள் கூடாது என்ற விதி 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது, 40 ஆண்டுகளைக் கடந்து வணிக நோக்கமின்றி ஓடும் வாகனங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. வண்டியோடு வந்த டயர்களின் பட்டன்கள் தேயாமல் இருந்ததால், விலக்கைப் பயன்படுத்தி அவற்றையே வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கருதினர். முன்னால் இருப்பது ஒரே சக்கரம். அது வெடித்தால் வண்டியைத் தாங்கப் பக்கத்தில் இன்னொன்று இல்லை. மூன்றையும் மாற்றினோம், செலவுக்காக வருந்தவில்லை.

இனி டிரெய்லர். ஒரு பண்ணையில் வைக்கோல் ஏற்றும் வண்டியாகக் கடைசிக் காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த அதை டிராக்டரில் பூட்டுவதற்கு வசதியாக, முன்கால்களையும் உருளைகளையும் யாரோ எரிவாயுச் சுடரால் அறுத்துத் தள்ளிவிட்டு, இரும்புக் குழாயொன்றை ஏர்க்காலாகப் பற்றவைத்திருந்தார்கள். அதாவது, எந்தப் பொறியமைப்புக்காக டிரெய்லரை வாங்கினோமோ அதுதான் அதில் இல்லை. வாங்குவதற்கு முன்பே இது எங்களுக்குத் தெரியும். கால்களும் உருளைகளும் இல்லை என்றால் புதிதாகச் செய்துகொள்ளலாம், ஆனால் நேரான சட்டகமும் நல்ல பின் அச்சும் கிடைப்பது அரிது என்பதே எங்கள் கணக்கு.

இதே வகை டிரெய்லரை வைத்திருக்கும் ஓர் அன்பர் தமது கொட்டகையை இரண்டு வார இறுதிகளுக்குத் திறந்துவிட்டார். அங்கே ஒவ்வொரு பாகத்தையும் அளந்து வரைந்து, மரத்தில் அச்சுகள் செய்து, வார்ப்பகத்தில் கொடுத்தோம். முதலில் வந்த தாங்கிகள் இரண்டும் பயன்படவில்லை. குளிர்ந்து உறையும் உலோகம் சற்றுச் சுருங்கும்; அதற்கென மர அச்சைப் பெரிதாக்க வேண்டும் என்பதை எங்கள் தச்சர் அறிந்திருந்தும், கடைந்தெடுக்க வேண்டிய முகங்களுக்குத் தனியாகக் கூடுதல் பருமன் விட மறந்துவிட்டோம். பிழை முழுக்க எங்களுடையது. வார்ப்பகத்தின் மீது குறையில்லை. அச்சுகளைத் திருத்தி மறுபடி வார்த்ததில் ஒரு குளிர்காலமே கழிந்தது. மடங்கும் கால்களின் தண்டுகளை மட்டும் நமது கொல்லுப்பட்டறையிலேயே அடித்து உருவாக்கினோம். சனிக்கிழமைதோறும் உலையருகே நின்ற இளைஞர் மூவரும் தொடங்கும்போது சுத்தியல் பிடிக்கத் தெரியாதவர்கள். இன்று அவர்கள் இரயில் பெட்டிகளின் பிரேக் தண்டுகளையும் செய்கிறார்கள்.

சோதனை ஓட்டத்தில் நேர்ந்த விபத்தை மறைக்க விரும்பவில்லை. வெற்று டிரெய்லரை இணைத்து முற்றத்தில் நடைவேகத்தில் சென்றபோது, அது இழுவை வண்டியிலிருந்து கழன்று பின்தங்கியது. கால்கள் உடனே இறங்கி நிலைகொண்டதால் டிரெய்லர் மூக்குக் குப்புற விழவில்லை, யாருக்கும் காயமில்லை. பிரித்துப் பார்த்ததில் புதிதாகச் செய்த பாகங்கள் சரியாகவே இருந்தன. நாங்கள் நல்லது என்று நம்பி விட்டுவைத்த, இழுவை வண்டியின் பழைய கொக்கிகளில் ஒன்றின் வாய் தேய்ந்து, பாதியளவே பூட்டியிருந்தது. வெளியே பார்த்தால் பூட்டியது போலவே தோன்றும். கொக்கிகள் இரண்டையும் மாற்றியதோடு, முழுமையாகப் பூட்டினால் மட்டுமே கண்ணில் படும் வெள்ளைக் கோடு ஒன்றையும் தீட்டியுள்ளோம். அக்கோட்டைப் பார்த்துச் சைகை காட்ட ஒருவர் தரையில் நிற்காமல் வண்டி நகரக் கூடாது என்பது இப்போது விதி. ஓட்டுநர் இறங்காமலே இணைக்கலாம் என்பது இந்த வண்டியின் பெருமை. அந்தப் பெருமையில் பாதியை நாம் விட்டுக்கொடுத்திருக்கிறோம் என்பது உண்மைதான்.

வண்ணம் பற்றிய விவாதம் இஞ்சின் வேலையைவிட நீண்டது. சுரண்டிப் பார்த்தபோது மேலே மஞ்சளும், அதன் கீழே கருஞ்சிவப்பும் பாலேடு நிறமும் தெரிந்தன. முதலாவது பிரிட்டிஷ் இரயில்வேயின் பிற்காலச் சாலை வண்டிகளின் நிறம். மற்றவை 1950களின் நிறங்கள். நமது நிலையம் காட்டும் காலத்தோடு பொருந்துவதால் பழைய இணையையே தேர்ந்தெடுத்தோம். மஞ்சள் வண்டிகளைத் தம் இளமையில் ஓட்டிய மூத்த உறுப்பினர் ஒருவருக்கு இதில் வருத்தம் இருந்தது. இடப்பக்கக் கதவின் உட்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எல்லா அடுக்குகளும் தெரியுமாறு பழைய பூச்சை அப்படியே விட்டிருக்கிறோம். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவரே. எழுத்துகள் ஒட்டுத்தாளால் ஆனவை அல்ல, தூரிகையால் எழுதப்பட்டவை.

மின்கம்பி வேலையும் இருக்கை தைப்பும் குறிப்பிடத்தக்க சிக்கலின்றி முடிந்தன. 40 ஆண்டுகளைக் கடந்த வாகனம் என்பதால் சாலை வரி விலக்கு பெறப்பட்டுள்ளது. சட்டம் வற்புறுத்தாவிட்டாலும், ஆண்டுதோறும் தகுதிபெற்ற வெளி ஆய்வாளர் ஒருவரிடம் பிரேக்கையும் இணைப்பையும் காட்டிச் சான்று பெறுவது என்று குழு தீர்மானித்துள்ளது.

ஓட்ட விரும்புவோர் முற்றத்தில் பயிற்சி பெற்ற பிறகே அனுமதிக்கப்படுவர். முன்னோடி வண்டியைவிட ஸ்கேரப்பில் இஞ்சின் தாழ்வாகவும் பின்தள்ளியும் வைக்கப்பட்டிருப்பதால் நிலைத்தன்மை மிகுதிதான். ஆயினும் மூன்று சக்கர வண்டி மூன்று சக்கர வண்டியே. வளைவில் பிரேக் பிடிக்காமல், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கும் பழக்கம் கார் ஓட்டுவோருக்கு எளிதில் வருவதில்லை.

தணிக்கை செய்யப்பட்ட வரவுசெலவுக் கணக்கு தனி இணைப்பாக அனுப்பப்படுகிறது. அதில் டிரெய்லருக்கான செலவு தனித் தலைப்பில் காட்டப்பட்டுள்ளது. அத்தொகைக்குப் பின்னேற்பு ஒப்புதல் கோரும் தீர்மானம் வரும் பொதுக்கூட்டத்தில் முன்வைக்கப்படும். எதிர்ப்புப் பதிவு செய்த இரு உறுப்பினர்களும் அக்கூட்டத்தில் தம் கருத்தை முதலில் பேச இசைந்துள்ளனர். வார்ப்பகத்துக்கு அனுப்பிய மர அச்சுகள் எண்ணெய் பூசப்பட்டுச் சரக்குக் கொட்டகையின் மேல்தளத்தில் வைக்கப்பட்டுள்ளன. இதே பாகங்கள் தேவைப்படும் வேறு எவருக்கும் அவற்றைக் கட்டணமின்றிக் கடன் கொடுக்கலாமா என்பதையும் தாங்களே அன்று முடிவு செய்ய வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
சாலை வாகனப் புதுப்பிப்புக் குழு