டெண்டர் தாளில் ஒரு வரி: ஜப்பானியக் கல்வி வாரியங்களுக்குத் திறந்த மடல்

ஜப்பானின் நகராட்சிக் கல்வி வாரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஏப்ரலில் பள்ளி திறக்கும் முன் ஏ.எல்.டி. எனப்படும் துணை ஆங்கில ஆசிரியர்களுக்கு டெண்டர் விடுகிறீர்கள். விலையைப் பார்க்கிறீர்கள், சரி. அதே தாளில் ஒப்பந்தம் 'ஹாகென்' வகையா, 'கியோமு இதாகு' வகையா என்று ஒரு வரி இருக்கும். வகுப்பில் நடப்பதில் பாதியை அந்த வரிதான் முடிவு செய்கிறது.

ஹாகென் என்றால் டெண்டர் எடுத்த நிறுவனம் ஆளை அனுப்பும், வேலையைப் பள்ளி சொல்லும். இதாகு என்றால் வேலையே நிறுவனத்தின் பொறுப்பு. வகுப்பாசிரியர் ஏ.எல்.டி.யிடம் நேரடியாக வேலை சொல்லக் கூடாது. சொன்னால் அது போலி ஒப்பந்தம், சட்டமீறல். "அந்த அட்டையை இன்னொரு முறை காட்டுங்கள்" என்று சொல்லலாமா என்றுகூட ஆசிரியர் தயங்குகிறார். ஒரே கரும்பலகை முன் நிற்கும் இருவர், பேசி வைத்துக்கொள்ள வழியில்லாமல் பாடம் எடுக்கிறார்கள். கடைசியில் ஏ.எல்.டி. டேப் ரெக்கார்டராகிறார். வெளிநாட்டு இளைஞர்களை ஏ.எல்.டி.யாக அழைத்துவரும், 1987-ல் தொடங்கிய அரசின் ஜெட் திட்டத்தில் வருபவர்களை நீங்களே பணியமர்த்துகிறீர்கள். அங்கே இந்தத் தொல்லை கிடையாது.

2020 பாடத்திட்டப்படி 3, 4-ஆம் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 35 ஆங்கிலப் பாடவேளை, 5, 6-ஆம் வகுப்புகளுக்கு 70. ஒவ்வொன்றும் 45 நிமிடம். வணக்கம், கிழமை, வானிலை என்று 5 நிமிடம் போய்விடும். பிறகு 35 பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி ஆளுக்கு ஒரு நிமிடம் ஏ.எல்.டி.யிடம் பேசச் சொன்னால் மணி அடிக்க 5 நிமிடம்தான் மிச்சம். ஒருவர் பேச, 34 பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அதற்குப் பதில் ஆசிரியரும் ஏ.எல்.டி.யும் 3 நிமிடம் பேசிக்காட்டட்டும். பிறகு 8 நிமிடம் பிள்ளைகள் ஜோடியாகப் பேசட்டும், 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஜோடி மாறட்டும். ஏ.எல்.டி. நடுவே நடந்து ஒரே ஒரு ஒலியை மட்டும் கவனிக்கட்டும்.

'மில்க்' என்ற சொல்லுக்கு மேல் பிள்ளை கதகானா என்ற ஜப்பானிய எழுத்தில் 'மிருகு' என்று எழுதிவைத்திருக்கும். பஸ்ஸை 'பஸ்ஸு' ஆக்கும் தமிழ்க் காதுக்கு இது புரியாத நோய் இல்லை. மருந்து கைத்தட்டல்: 'மிருகு'வுக்கு மூன்று தட்டு, 'மில்க்'குக்கு ஒன்றே ஒன்று. சொல்லித் திருத்துவதைவிட இது சீக்கிரம் பிடிபடும். ஆனால் இன்று எந்த ஒலி என்பதை முன்கூட்டியே இருவரும் பேசி வைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பத்து நிமிடம் போதும். எப்போது என்பதுதான் கேள்வி. பிள்ளைகள் வகுப்பைப் பெருக்கித் துடைத்து வீடு போன பிறகே வகுப்பாசிரியருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். பல ஒப்பந்தங்களில் ஏ.எல்.டி.யின் சம்பள நேரம் அதற்குள் முடிந்திருக்கும். இரண்டாம் பாடவேளைக்குப் பின் பல பள்ளிகளில் விடும் நீண்ட இடைவேளையில் பத்து நிமிடத்தைக் கால அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள். வாய்மொழியாக விட்டால் நிற்காது.

தாளில் இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, வாரம் 29.5 மணி நேரம் என்ற பழைய கணக்கு. 30 மணி நேரத்துக்குக் கீழே வைத்தால் ஊழியர் காப்பீட்டில் சேர்க்க வேண்டாம் என்று பிறந்தது அது. 2024 அக்டோபர் முதல் 51 பேரோ அதற்கு மேலோ ஊழியர்களாக உள்ள நிறுவனத்தில், வாரம் 20 மணி நேரமும் மாதம் 88,000 யென்னும் எட்டினால் பொதுவாகச் சேர்த்தே ஆக வேண்டும். விலை மிகக் குறைவாக இருந்தால் காப்பீட்டுப் பங்கு எங்கே என்று கேளுங்கள்.

இரண்டாவது, 'நேட்டிவ் மட்டும்', அதாவது ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் மட்டும், என்ற நிபந்தனை. 'கல்வி' விசாவில் வரும் ஏ.எல்.டி.யிடம் விதி கேட்பது 12 ஆண்டு ஆங்கில வழிக் கல்வி. சென்னையிலோ மதுரையிலோ ஒன்றாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை ஆங்கில வழியில் முடித்து, பட்டமும் பெற்றவரை விதி தடுக்கவில்லை, உங்கள் தாள்தான் தடுக்கிறது.

அடுத்த டெண்டரில் இதாகு என்ற சொல்லை அடித்துவிட்டு ஹாகென் என்று எழுதுங்கள். முடிந்தால் நேரடி நியமனம் என்றே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஏ.எல்.டி. பணியை அறிந்தவர்கள்