ஏற்றத்திலும் ஒருமுறை வந்து எண்ணுங்கள்

வனத்துறையில் பறவைக் கணக்கெடுப்பைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

எண்ணூரிலிருந்து எழுதுகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததில் தொடங்கி மாசி முடியும்வரை, வாரத்துக்கு ஒரு நாளாவது காட்டுப்பள்ளித் தீவின் கரையில் நடப்பது என் வழக்கம். கிழக்கே கடல், மேற்கே கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு. இதைத் தீவு என்று சொன்னால் சென்னைக்காரர்களே நம்புவதில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இங்கே எண்ண வரும்போது தண்ணீர் இறங்கிக் கிடக்கும் வற்றத்தில் ஒரு தடவை, தண்ணீர் ஏறி நிற்கும் ஏற்றத்தில் ஒரு தடவை வாருங்கள்.

இங்கே கடல் மட்டம் ஏறி இறங்குவது அதிகம் போனால் ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் ஆற்றோரச் சேறு தட்டையாகக் கிடப்பதால், அந்தக் கொஞ்சத் தண்ணீர் இறங்கினாலே பெரிய மேய்ச்சல் நிலம் வெளியே வந்துவிடும். பவளக்காலி தண்ணீர் விளிம்பை ஒட்டி நடக்கும். கோட்டான் (ஆந்தையல்ல, அதே பெயருள்ள கரைப்பறவை) தன் நீண்ட வளைந்த அலகை அடிவரை இறக்கி நண்டையும் புழுவையும் இழுக்கும். உப்புக்கொத்திக்கு அலகு குட்டை. அது நின்று பார்க்கும், நாலடி ஓடும், கொத்தும், மறுபடி நிற்கும். கொசு உள்ளான் சேற்றின் நிறத்திலேயே இருப்பதால், அது நகர்ந்தால்தான் கண்ணில் படும்.

தண்ணீர் ஏறியதும் சேறு மூழ்கிவிடும். பறவைகள் எல்லாம் எழுந்து, நனையாத ஏதாவது ஒரு மணல் திட்டில் ஒன்றையொன்று ஒட்டி, காற்றைப் பார்த்து நிற்கும். அந்த நேரத்தில் ஆற்றோரம் வருகிறவருக்கு வெறும் தண்ணீர்தான் தெரியும். நானே முதல் இரண்டு மார்கழியும் அப்படித்தான் ஏமாந்து, 'பறவை இல்லை' என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். திட்டைக் காட்டிக்கொடுத்தவர் வலை வீசிக்கொண்டிருந்த ஒரு அண்ணன். "இங்க ஏன் சார் தேடுறீங்க, அதுங்க அந்தாண்ட தூங்குது" என்றார்.

ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரே ஒரு காலையை மட்டும் நம்பினால், அன்றைக்குத் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அதுதான் கணக்கை முடிவு செய்யும். அப்புறம் அந்தக் கணக்கைக் காட்டி 'இந்த இடத்தில் ஒன்றுமில்லை' என்று யாரும் சொல்லிவிடலாம். எனக்கு இருக்கும் பயம் அதுதான்.

சேற்றையும் கூர்ந்து பாருங்கள். வாயில் பறியை, அதாவது இறால் போடும் கூடையைக் கவ்விக்கொண்டு, தண்ணீரில் அமர்ந்து கையாலேயே இறால் தடவும் இருளர் பெண்களுக்கு அதன் ஒவ்வொரு முழமும் தெரியும். இப்போது பல இடங்களில் காக்கா ஆழி படர்ந்து, தரை ஓடு போல இறுகிக் கிடக்கிறது. தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த சிப்பி அது. அதன் மேல் கால் வைத்தால் கிழிக்கும். இறால் புதைய அங்கே இடமில்லை, மஞ்ச மட்டி அடியில் மூச்சுமுட்டிச் சாகிறது. பறவையின் அலகும் இறங்காது. எண்ண வரும்போது அந்தப் பெண்களில் இரண்டு பேரையாவது கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். எந்தச் சேறு உயிரோடு இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள்.

மணல் திட்டு வரைபடத்தில் ஏற வேண்டும். கொசு உள்ளானின் எடை பெரும்பாலும் 30 கிராமுக்குள்தான். வடதுருவத்தை ஒட்டிய சைபீரியாவிலிருந்து வந்த பறவை, திரும்பிப் போகவும் கொழுப்புச் சேர்க்க வேண்டும். பைக் ஓட்டியும் நாயை விட்டும் அதை ஒவ்வொரு ஏற்றத்திலும் கிளப்பிவிட்டால், தின்றதெல்லாம் பறப்பதிலேயே கரைந்துவிடும். கடல் பக்க மணலில் அதே தை, மாசியில் பங்குனி ஆமைகளும் (ஆலிவ் ரிட்லி) முட்டையிட ஏறுகின்றன. அங்கேயும் வண்டித் தடம் வேண்டாம்.

2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் இந்த முகத்துவாரத்துக்கு வந்தபோது, இறகெல்லாம் கறுத்துப்போன கூழைக்கடாக்களைப் பார்த்தோம். அதற்கு முன் எந்தத் திட்டில் எத்தனை பறவை நின்றது என்று மாதவாரியாக எழுதிய கணக்கு இருந்திருந்தால், எவ்வளவு இழந்தோம் என்று சொல்லியிருக்கலாம். கார்த்திகை முதல் மாசி வரை மாதம் ஒருமுறை எண்ணினால் போதும். என் குறிப்பேடுகளைத் தருகிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வந்தால் ஏற்றம் நன்றாக இருக்கும். திட்டு வரைக்கும் படகில் கூட்டிப்போக அந்த வலைக்கார அண்ணனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.