கணக்கு வாத்தியாருக்கு ஒரு ரத்தக் கணக்கு

அன்புள்ள வாத்தியாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் வாட்ஸப்பில் வந்து குவிந்த பதினோரு போட்டோக்களும் கிடைத்தன. போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நீ பாதிப் பேச்சில் கிரிக்கெட்டுக்குத் தாவிவிடுவாய். இது உட்கார்ந்து படிக்க வேண்டிய சமாச்சாரம். பக்கத்தில் ஒரு பேப்பரும் பேனாவும் வைத்துக்கொள், உனக்குப் பிடித்த வேலைதான்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். முழங்கால் மட்டும் படியைப் பார்த்தால் முனகுகிறது. ரிடையர் ஆன பிறகும் காலையில் இரண்டு மணி நேரம் தெருமுனை லேபில் போய் உட்காருகிறேன். ஊசி குத்துவதெல்லாம் சின்னப் பெண்கள். எனக்கு மைக்ரோஸ்கோப் மட்டும். ரத்தக்காட்டேரிக்குப் பல் விழுந்துவிட்டது என்று நீ சொல்லப்போவது தெரியும், சொல்லிக்கொள்.

சரி, உன் சின்ன மகள் விஷயத்துக்கு வருகிறேன். ஹீமோகுளோபின் 10.8. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். இல்லை, அதனால் ரத்தசோகை. ரத்தசோகை, அதனால் இரும்புச்சத்துக் குறைவு. இரும்புச்சத்துக் குறைவு, அதனால் மாத்திரை. இப்படியே இரண்டு வருஷம் ஓட்டியாகிவிட்டது. உன் வீட்டில் தங்கச்சியும் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், எள்ளுருண்டை என்று ஒன்று விடவில்லை. ஹீமோகுளோபின் 10.6க்கும் 10.9க்கும் நடுவிலேயே ஆடிக்கொண்டிருக்கிறது. வாத்தியாரே, இந்த நிரூபணத்தில் இரண்டாவது ‘அதனால்’ எங்கிருந்து வந்தது? உன் பையன் ஒருவன் விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தால் மார்க் போடுவாயா?

சி.பி.சி. என்கிற முழு ரத்த அணுப் பரிசோதனை ரிப்போர்ட்டில் இருபது வரி இருக்கிறது. ஜனங்கள் பார்ப்பது முதல் வரியும், கறுப்பாகத் தடித்து அச்சாகிற வரியும்தான். அவளுடைய ரிப்போர்ட்டில் எனக்குக் கண்ணில் பட்டது இரண்டாவது வரி. சிவப்பணு எண்ணிக்கை 57 லட்சம். ரத்தசோகை என்கிறோம், சிவப்பணு மட்டும் ஆம்பளைப் பையனுக்கு இருக்கிற மாதிரி இருக்கிறது! அடுத்து எம்.சி.வி., அதாவது ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80க்கு மேல் இருக்க வேண்டியது 63தான் இருக்கிறது.

இட்லியை வைத்துச் சொல்கிறேன். மாவு குறைந்துபோனால் இட்லியும் சின்னதாகும், எண்ணிக்கையும் குறையும். இரும்புச்சத்து இல்லாத உடம்பு பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் சில வீடுகளில் மாவு நிறைய இருக்கும், தட்டில் குழிதான் சின்னது. என்ன செய்வாள்? இரண்டு ஈடு கூடப் போட்டு ஈடுகட்டுவாள். எண்ணிக்கை ஏறும், ஒவ்வொன்றும் சிறுத்தே இருக்கும். இந்த இரண்டாவது வகை, தாலசீமியா என்கிற பரம்பரைக் குறையைச் சத்தமில்லாமல் சுமப்பவர்களின் ரத்தம்.

இரண்டையும் பிரிக்க ஒரு வகுத்தல் கணக்கு உண்டு. மென்ட்சர் என்பவர் 1973ல் சொன்னது. எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் (பத்து லட்சக் கணக்கில்) வகு. 13க்கு மேல் வந்தால் இரும்புக் குறைவின் பக்கம் சாயும், 13க்குக் கீழே வந்தால் தாலசீமியா பக்கம் சாயும். 63ஐ 5.7ஆல் வகுத்துப் பார். 11 வருகிறதா? இது சந்தேகத்தைக் கிளப்பும் கணக்கு, தீர்ப்பு இல்லை. தீர்ப்புக்கு ஹெச்.பி.எல்.சி. என்ற சோதனையில் ஹீமோகுளோபினில் ஒரு வகையான ஏ2 எவ்வளவு என்று பார்க்க வேண்டும், கூடுதலாக இருந்தால் தாலசீமியா. கூடவே உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல். இரும்பும் குறைவாக இருந்தால் ஏ2 இறங்கி நின்று ஆளை ஏமாற்றும். நான் டாக்டர் இல்லை, டெக்னீஷியன். இந்தக் காகிதத்தோடு டாக்டரிடம் போ. அவர் சொல்லும்வரை மாத்திரையில் கை வைக்காதே.

இந்த எண்கள் எப்படி வருகின்றன என்று கேட்டிருந்தாய். நான் டி.எம்.எல்.டி. என்கிற லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தபோது நீ ஒருநாள் லேபுக்கு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? சிவப்பு மணி போட்ட பைப்பெட்டில் ரப்பர் குழாய் மாட்டி, வாயால் ரத்தத்தை 0.5 கோடுவரை உறிஞ்சுவேன். அப்புறம் ரத்தத்தை நீர்க்க வைக்கும் ஹேயம் திரவத்தை 101வரை உறிஞ்ச வேண்டும். கொஞ்சம் கவனம் தப்பினால் வாய்க்குள் வந்துவிடும். அன்றைக்கு வந்தது. அதை நீ பார்த்துவிட்டாய், எனக்கு ஆயுசுக்கும் பெயர் வைத்துவிட்டாய். பிறகு கட்டம் போட்ட நியூபாயர் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, நடுக்கட்டத்தின் 25 சதுரங்களில் ஐந்தை மட்டும் எண்ணிப் பத்தாயிரத்தால் பெருக்க வேண்டும். 500 எண்ணினால் 50 லட்சம். உன் பாஷையில் சொன்னால் 500க்கு வர்க்கமூலம் 22 சொச்சம். எவ்வளவு கவனமாக எண்ணினாலும் அந்த அளவுக்கு ஆட்டம் இருக்கத்தான் செய்யும். போதாததற்கு மதியச் சாப்பாட்டுத் தூக்கம் வேறு.

மெஷின் வந்த பிறகு அந்தக் கஷ்டம் போனது. வாலஸ் கூல்ட்டர் என்ற அமெரிக்கர் 1953ல் காப்புரிமை வாங்கிய யோசனை அது. உப்புக் கரைசலில் மின்சாரம் ஓடுகிறது. நடுவே மயிரிழை அளவுக்கு ஒரு துளை. அணு ஒன்று அந்தத் துளையைக் கடக்கும்போது மின்தடை ஒரு கணம் எகிறும். எகிறியது எத்தனை முறை என்பது எண்ணிக்கை, எவ்வளவு உயரம் என்பது பருமன். சுங்கச்சாவடியில் வண்டியையும் எண்ணி, லாரியா ஸ்கூட்டரா என்றும் குறித்துக்கொள்கிற மாதிரி. பல்லாயிரம் அணுக்களைச் சில விநாடிகளில் முடித்துவிடும். நான் ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டவன்.

ஆனால் சுங்கச்சாவடியில் ஒரு சங்கடம் உண்டு. நாலு ஸ்கூட்டர் கயிறு கட்டிக்கொண்டு ஒன்றாக வந்தால் அதற்குத் தெரியாது. தொண்ணூறுகளில் நான் ஒரு நர்சிங் ஹோமில் இருந்தபோது நடந்தது இது. உன்னிடம்கூடச் சொன்னதில்லை. புதிதாக மெஷின் வந்திருந்தது. பித்தப்பை ஆபரேஷனுக்கு ஒரு அம்மா. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு 38,000 என்று மெஷின் காட்டியது. ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். புது மெஷின் பொய் சொல்லுமா என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆபரேஷன் ரத்தானது. ராத்திரியோடு ராத்திரியாக வண்டி பிடித்து, ரத்தம் கொடுக்க மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு, பெரிய ஊருக்குப் போனார்கள். அங்கே லேபில் ஒரு மூத்தவர், ஸ்லைடில் ரத்தத்தை இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, ஸ்மியரின் வால் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். தட்டணுக்கள் திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தன. சிலருடைய ரத்தத்துக்கு ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் இ.டி.டி.ஏ. ஒத்துக்கொள்ளாது. தட்டணுக்கள் டியூபுக்குள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்துகொள்ளும். உடம்புக்குள் ஒன்றும் ஆகியிருக்காது. சிட்ரேட் டியூபில் திரும்ப எடுத்தபோது இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்ததாம். அந்த அம்மாவின் மகன் திரும்பி வந்து என்னிடம் சண்டைகூடப் போடவில்லை. வண்டி வாடகை ரசீதை மட்டும் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து தட்டணு குறைந்தால் ஸ்லைடு பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. டெங்கு சீசனில் இதற்காகவே சின்னப் பெண்களிடம் திட்டு வாங்குகிறேன்.

நீ பிறந்தது திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில்தானே? சிவப்பணு பருமனைப் பற்றிப் பேசும்போது அந்த ஆஸ்பத்திரியை விட முடியாது. லூசி வில்ஸ் என்று ஒரு ஆங்கிலேய டாக்டரம்மா 1928ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே மில் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் கர்ப்பமாக இருக்கும்போது கடுமையான ரத்தசோகை. சிவப்பணு சிறுக்கவில்லை, ஊதிப் பெரிதாகியிருந்தது. அந்தப் பருமன்தான் துப்பு. இது இரும்புக் குறைவு இல்லை, வேறு ஏதோ. 1929 கோடையில் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு வந்து வேலை செய்தார். 1931 தொடக்கத்தில் உன் கோஷா ஆஸ்பத்திரியில் இருந்தார். மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினார்கள். அதற்குள் என்ன இருந்தது என்பது அப்போது அவருக்கே தெரியாது. 1941ல் அமெரிக்காவில் பசலை வகைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். கர்ப்பிணிகளுக்கு நம் ஊர் நர்சம்மா கொடுக்கிற மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது அதுதான்.

அவ்வளவு தூரம் பருமனைப் பார்த்துக் கண்டுபிடித்த நாம், நாட்டுக்கே ரத்தசோகைக் கணக்கெடுத்தபோது ஹீமோகுளோபின் ஒன்றை மட்டும் பார்த்தோம். நீ வெட்டி அனுப்பிய பேப்பர் துண்டில் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று இருந்ததே, அது அப்படி வந்ததுதான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டு. ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிதுக்கினால் திசுநீரும் கலக்கும், எண் மாறும். 2016–18ல் குழந்தைகளுக்கு நரம்பில் ரத்தம் எடுத்துச் செய்த இன்னொரு கணக்கெடுப்பில் ஒன்றிலிருந்து நாலு வயதுவரை 41 சதவீதம்தான் வந்தது. அதற்குச் சற்று முன் விரலில் எடுத்ததில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 58க்கு மேல். வயதுக் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் வித்தியாசம் பெரிது. ரத்தசோகையே இல்லை என்று நான் சொல்லவில்லை. உன் மகள் மாதிரி ஒருத்தியும் அந்தச் சதவீதத்துக்குள் போய், இரும்பு மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றுவிடுகிறாள் என்கிறேன்.

இப்போது நீ அனுப்பிய மற்ற பத்துப் போட்டோக்கள். வீட்டில் இருக்கிற பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் அனுப்பு என்றதற்கு, ‘என் ரிப்போர்ட் எதற்கு, எனக்கு ஒன்றுமில்லையே’ என்று அலுத்துக்கொண்டே அனுப்பினாய். 2009ல் ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்தது: ஹீமோகுளோபின் 12.4, சிவப்பணு 63 லட்சம், எம்.சி.வி. 64. போன வருஷம் சர்க்கரைக்குப் பார்த்தபோது எடுத்தது: சிவப்பணு 62 லட்சம், எம்.சி.வி. 65. வேறு ஊர், வேறு மெஷின். இடையில் இத்தனை வருஷம், இரண்டும் நகர்ந்தது ஒவ்வோர் எண்தான். 64ஐ 6.3ஆல் நீயே வகுத்துக்கொள்.

ஆமாம் வாத்தியாரே, நீ கொடுத்ததாகத்தான் தெரிகிறது. மூக்கைப் போல.

இப்படி ஒரே இடத்தில் நிற்பது உன் ரத்தம் மட்டுமில்லை. 2024 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஆயிரக்கணக்கானவர்களின் பழைய சி.பி.சி. ரிப்போர்ட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு நிலை அளவு இருக்கிறது, அதைச் சுற்றியே அவர் ரத்தம் ஆடுகிறது. ஆளுக்கு ஆள் உள்ள அந்த வித்தியாசம் இருபது வருஷமாவது மாறாமல் நிற்கிறது. ஒன்பது அளவுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஆரோக்கியமான ஒருவரை மற்ற ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 98 பேரிடமிருந்து பிரித்துச் சொல்லிவிடலாமாம். ரிப்போர்ட்டில் ஓரமாக அச்சடித்திருக்கிற ‘நார்மல்’ என்பது ஆரோக்கியமானவர்களில் நடுவே உள்ள 95 சதவீதம்தான். இருபது வரி இருந்தால், எல்லாமே அந்த எல்லைக்குள் விழ 0.95ஐ இருபது முறை பெருக்க வேண்டும். நூற்றுக்கு 36 பேர்கூடத் தேறமாட்டார்கள். ‘அந்த வரிகள் ஒன்றையொன்று சாராதவையா?’ என்று நீ கேட்பாய். சார்ந்தவைதான், அதனால் நிஜத்தில் இன்னும் அதிகம் பேர் தேறுவார்கள். ஆனால் ஒரு வரி கறுத்திருந்தால் பதறக்கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

தை மாதம் கல்யாணம், பத்துப் பொருத்தமும் பார்த்தாயிற்று என்று எழுதியிருக்கிறாய். இவளுக்கு ஏ2 கூடுதலாக வந்தால் மாப்பிள்ளைக்கும் அதே சோதனையை எடுத்துவிடு. அவருக்கு இல்லை என்றால் கவலையே இல்லை. குழந்தைகளில் சிலருக்கு உன் மூக்கு மாதிரி இதுவும் போகும், அவ்வளவுதான். இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில், வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டிய குழந்தை பிறக்கலாம். அதற்கும் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே சோதனை இருக்கிறது, கல்யாணத்தை நிறுத்த வேண்டியதில்லை. சம்பந்தி வீட்டில் எப்படிக் கேட்பது என்று தயங்காதே. உன் ரிப்போர்ட்டை முதலில் எடுத்து மேஜையில் வை.

பெரியவளுடைய ரிப்போர்ட் எதுவும் ஃபைலில் இல்லையே? அவளுக்கும் பேரனுக்கும் ஒரு சி.பி.சி. எடுத்து அனுப்பு. வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை, பையனை இட்லி சாப்பிட வைத்தே கூட்டிப் போ.

தங்கச்சியிடம் சொல், முருங்கைக்கீரையில் குறையில்லை, அவள் சமையலிலும் குறையில்லை. அப்புறம், அந்தப் பச்சை ஃபைலைப் பழைய பேப்பர்காரரிடம் போடப்போவதாக அவள் மிரட்டுகிறாள் என்று எழுதியிருந்தாயே, நான் வரும்வரை பீரோவில் வைத்துப் பூட்டு.

அன்புடன்,
உன் ரத்தக்காட்டேரி