பள்ளிச் சுவரில் வரையப்போகும் பெரியவர்களைப் பற்றி, நம் மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் தலைமை ஆசிரியை டீச்சருக்கும் வணக்கம்.

சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் நீளச் சுவரில் உலகப் பெரியவர்கள் பன்னிரண்டு பேரின் படம் வரையப்போகிறீர்கள் என்று ஏழாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி வந்து சொன்னாள். நான் அங்கே படித்த காலத்தில் அந்தச் சுவரில் பாசியைத் தவிர ஒன்றும் கிடையாது, அதனால் கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. ஓவியருக்கு முன்பணமும் கொடுத்தாயிற்றாம். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். படங்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை, படத்துக்குக் கீழே எழுதப்போகும் அந்த ஒற்றை வரிதான் மனசை அரிக்கிறது.

பேத்தி அந்த வரிகளை நோட்டில் எழுதிவந்து மனப்பாடமாக ஒப்பித்தாள். எடிசன், மின்விளக்கைக் கண்டுபிடித்தவர். வாஸ்கோட காமா, இந்தியாவைக் கண்டுபிடித்தவர். மேரி கியூரி, இரண்டு நோபல் பரிசு பெற்றவர். நைட்டிங்கேல், கைவிளக்கேந்திய காரிகை. “கண்டுபிடிச்சாருன்னா என்ன செஞ்சாரு மக்ளே?” என்று கேட்டேன். “கண்டுபிடிச்சாரு அம்மச்சி, அவ்வளவுதான்” என்றாள். தப்பு அவள் மேல் இல்லை, நாம் அவளுக்குக் கொடுத்தது அவ்வளவுதான்.

நான் 31 வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள், அதனால் நைட்டிங்கேல் விஷயத்தை விட்டுவிட முடியாது. மே 12, அவர் பிறந்த நாளில், எத்தனையோ தடவை கையில் விளக்கு ஏந்தி உறுதிமொழி எடுத்திருக்கிறேன். ஆனால் இரவில் விளக்கோடு நடந்ததுதான் அவருடைய சாதனை என்று நம் பிள்ளைகள் நினைத்தால் அவர் செய்ததில் பெரும்பகுதி மறைந்துபோகும். கிரிமியப் போரில் அடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கொண்டுவந்து போட்ட ஸ்கூட்டாரி மருத்துவமனைக்கு, இன்றைய இஸ்தான்புல்லில் இருக்கிறது அந்த இடம், 1854 நவம்பரில் 38 பெண்களோடு அவர் போனார். போனதும் சாவு குறைந்துவிடவில்லை. அந்தக் குளிர்காலத்தில் கூடிக்கொண்டே போய், 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 பேர் என்ற அளவுக்கு வந்தது. அதில் குண்டடிபட்டுச் செத்தவர்கள் கொஞ்சம் பேர்தான், மிச்சமெல்லாம் காலரா, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. மார்ச்சில் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்து அந்தச் சாக்கடையைக் கழுவி, தண்ணீரையும் காற்றோட்டத்தையும் சரிசெய்த பிறகுதான் சாவு மளமளவென்று இறங்கியது. ஊர் திரும்பிய நைட்டிங்கேல், வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் அறிஞரோடு சேர்ந்து செத்தவர்களின் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தபோது, தன் கண்முன்னால் போன உயிர்களில் பெரும்பாலானவை தடுத்திருக்கக்கூடியவை என்பது தெரிந்தது. அதை அவர் மூடிமறைக்கவில்லை. மாதத்துக்கு ஒரு துண்டு என்று வட்டமாக வரைந்து, தடுக்கக்கூடிய நோயில் போனவர்களுக்கு நீலம், காயத்தில் போனவர்களுக்குச் சிவப்பு என்று நிறம் கொடுத்து, 1858இல் அச்சடித்து ஆட்சியில் இருந்தவர்கள் முன்னால் வைத்தார். பிரிட்டனின் புள்ளியியல் கழகத்தில் முதல் பெண் உறுப்பினர் அவர்தான். 1860இல் லண்டனில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்.

இதை நான் தெரிந்துகொண்டதே வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்துதான். அப்புறம்தான், நான் அப்போது இருந்த மருத்துவமனையில், ஆபரேஷன் புண் சீழ் பிடித்தவர்களின் கட்டில் நம்பரை ஒரு சின்ன நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். இரண்டு மாதத்தில் பார்த்தால் பாதிப் பேருக்கு மேல் கழிவறைப் பக்கத்து வரிசை. நோட்டைக் காட்டினேன், கசிந்துகொண்டிருந்த குழாயை மாற்றினார்கள். எனக்கு இந்தக் கதையைப் பன்னிரண்டு வயதில் யாராவது சொல்லியிருந்தால் முதல் வருடமே நோட்டு போட்டிருப்பேன்.

எடிசனும் காமாவும் சீக்கிரம் திருத்திவிடக்கூடிய விஷயம். எடிசனுக்கு முன்பே பலர் மின்விளக்கை எரிய வைத்துப் பார்த்திருக்கிறார்கள், இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் அதே காலத்தில் கார்பன் இழை விளக்கைச் செய்து காட்டினார், கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து அங்கே கம்பெனியே நடத்தினார்கள். எடிசனின் பெரிய வேலை, நீண்ட நேரம் எரியும் விளக்கைச் செய்ததோடு நிற்காமல் 1882இல் நியூயார்க்கில் மின்நிலையம் அமைத்து, கம்பி இழுத்து, வீடுகளுக்கும் கடைகளுக்கும் கரண்ட் கொடுத்தது. காமா விஷயத்தில், இந்தியாவைக் கண்டுபிடித்தவர் என்று குமரி மாவட்டத்துப் பள்ளியிலா எழுதுவது? ஏறத்தாழ 2000 வருடத்துக்கு முன்னால் கிரேக்க மொழியில் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடற்பயண நூலிலேயே நம் குமரிமுனையும் அங்கே வந்து நீராடுகிறவர்களும் வருகிறார்கள். 1498இல் காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து சேர்ந்ததே ஆப்பிரிக்காவின் மாலிந்தியில் கிடைத்த, இந்தக் கடலைத் தெரிந்த ஒரு வழிகாட்டியின் உதவியால்தான். ஆப்பிரிக்காவைச் சுற்றி இந்தியாவுக்குக் கடல்வழியாக வந்த முதல் ஐரோப்பியக் கப்பல்தலைவர் என்று எழுதுங்கள், அது உண்மை. 1502இல் மெக்காவிலிருந்து திரும்பிய பயணிகளின் கப்பலை ஆட்களோடு எரித்தவரும் அவர்தான் என்பதால், என்னைக் கேட்டால் அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம்.

யாருக்கு என்று சொல்கிறேன், அதற்கு முன்னால் மேரி கியூரி. நம் மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருக்கிறது என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அந்த மணலைப் பற்றிக் கடற்கரை ஊர்களில் எத்தனை பேச்சு, எத்தனை பயம். யுரேனியம் போலத் தோரியமும் கதிர் வீசுகிறது என்று 1898இல் அளந்து சொன்னவர் மேரி கியூரி, ஜெர்மனியில் ஷ்மிட் என்பவரும் அதே சமயம் தனியாகக் கண்டார். அப்புறம் கணவர் பியேரோடு ஒழுகும் கொட்டகையில் டன் கணக்கில் தாதுவைக் கொதிக்க வைத்துக் கிளறி, 1902இல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் உப்பைப் பிரித்தெடுத்தார். கோயில் கொடைக்கு எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலையில் இருந்ததும் தோரியம்தான். நம் ஊர் மணலும் பாரீஸ் கொட்டகையும் ஒரே பாடத்தில் வருகிறபோது, இரண்டு நோபல் என்ற வரியோடு ஏன் நிறுத்த வேண்டும்?

இப்போது நான் கேட்கும் புதிய படம். இங்கிலாந்திலிருந்து வந்த சாமர்வெல் டாக்டர். நம் பள்ளியிலிருந்து நெய்யூருக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது, ஆனால் பேத்தியின் வகுப்பில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியவில்லை. முதல் உலகப் போரில் சோம் போர்க்களத்தில் அறுவை செய்தவர். 1922இல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில், ஆக்சிஜன் இல்லாமல் 8,200 மீட்டருக்கு மேல் போனவர்களில் ஒருவர். அந்தப் பயணத்தில் பனிச்சரிவில் சுமை தூக்கிய ஏழு பேர் இறந்தார்கள், மலையேற வந்த வெள்ளைக்காரர்களில் ஒருவர்கூட அவர்களோடு சாகவில்லையே என்று அவர் வெகுவாக வருந்தினார். மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூர் மருத்துவமனையில் நோயாளிகள் கூட்டத்தையும் ஒற்றை ஆளாகத் திண்டாடிய டாக்டரையும் பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். 1924இல் இங்கிருந்துதான் மறுபடி எவரெஸ்ட் போனார். 8,500 மீட்டருக்குப் பக்கம் வரை ஏறிவிட்டு இறங்கும் வழியில் தொண்டை அடைத்து மூச்சு நின்று, இதோடு முடிந்தது என்று பனியில் உட்கார்ந்தவர், கடைசியாக நெஞ்சை இரண்டு கையாலும் அழுத்தி அடைப்பைத் துப்பிப் பிழைத்தார். சில நாள் கழித்து அதே குழுவின் மல்லோரி மேலே போய்த் திரும்பாமல் போனபோது கொண்டுபோனது சாமர்வெல் கொடுத்த கேமராவைத்தான், அது இன்னும் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் அவர் திரும்பி வந்தது நெய்யூருக்கு. இருபது வருடத்துக்கு மேல் இங்கே இருந்தார். வயிற்றுப் புண்ணோடு வந்து அவரிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் என் அம்மையின் அப்பாவும் ஒருவர், மரச்சீனிக் கிழங்கும் மிளகும் தின்றே வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர், அதற்குப் பிறகு முப்பது வருடம் இருந்தார்.

ஒரு வரி இருந்தால்தான் போட்டித் தேர்வுக்கு உதவும் என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த வரி எல்லா வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்கிறது அண்ணாச்சி. சுவரில் நான்கு வரிக்கு இடம் இருக்கிறது, எழுத்துக்குத் தனியாக ஆகும் கூலியை நான் தருகிறேன். நைட்டிங்கேலுக்கு இப்படி எழுதலாம்: “போரில் செத்தவர்களைக் கணக்கெடுத்தார். குண்டைவிடச் சாக்கடை அதிகம் பேரைக் கொன்றதைப் படமாக வரைந்து காட்டினார். நர்ஸ் வேலையைப் படிப்பாக்கினார்.” பக்கத்தில் அந்த நீல வட்டத்தையும் வரையச் சொல்லுங்கள், ஓவியருக்கு அது பெரிய வேலை இல்லை.

மற்ற பதினொரு பேருக்கும் எழுதி வைத்திருக்கிறேன், சமூக அறிவியல் டீச்சரும் அறிவியல் சாரும் பார்த்துத் திருத்தட்டும். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன், சுவருக்கு இரண்டாவது கோட்டிங் அடிக்கும் முன்னால் கூப்பிட்டால் நல்லது.

இப்படிக்கு,
பள்ளியின் பழைய மாணவி, ஓய்வுபெற்ற நர்ஸ், ஏழாம் வகுப்புப் பிள்ளையின் அம்மச்சி