வார்டுன்னா என்னங்க்கா?

திருப்பூர்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள மலர்,

ஆடியில் நீ எழுதிய கடிதம் இன்னும் சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்கு அடியிலேயே இருக்கிறது. தினமும் விளக்கேற்றும்போது கண்ணில் படும். போனஸ் கணக்கு முடியட்டும், தீபாவளி போகட்டும் என்று தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு கார்த்திகை வந்துவிட்டது. தப்புதான். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று பெரியம்மா சொன்னார், மனசு லேசானது. நீ கேட்ட மாறுதல் கிடைத்ததா, இல்லை இன்னும் அந்த மலைப் பாதை பஸ்தானா?

இங்கே எல்லாரும் சௌக்கியம். அவர் சாயப்பட்டறையை விட்டு பிரிண்டிங் யூனிட்டுக்கு மாறிவிட்டார், இருமல் குறைந்திருக்கிறது. பாப்பா மூன்றாம் வகுப்பு. 

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் ஒன்று நடந்தது. உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. தனியார் பள்ளியில் சேர்த்தபோது அரசுப் பள்ளி டீச்சரான நீ என்னோடு சண்டை போட்டாயே, அந்தச் சண்டையை இப்போது எடுக்காதே, முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

குழந்தைகள் தினத்தன்று காலையில் பாப்பாவை விடப் போயிருந்தேன். கேட்டுக்குள்ளே ஒரே கலர். பட்டுப் பாவாடை, ஜிகினா வைத்த சட்டை, ஒரு பாரதியார், மூன்று நேரு. அதற்கு நடுவே படிக்கட்டு ஓரத்தில் ஒரு பையன் மட்டும் யூனிபார்மில் நின்றான். பாப்பாவின் வகுப்புதான். டையைச் சுருட்டிச் சட்டைக்குள் திணித்திருந்தான், பேட்ஜைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தான். யூனிபார்ம் தெரியாமல் இருக்க அந்த வயதில் அவனுக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான். அவன்தான் காமராஜராக மேடையேற வேண்டியவன் என்று பாப்பா சொன்னாள். இரண்டு வாரமாக வகுப்பில் வசனம் சொல்லிப் பழகியிருக்கிறான். வேட்டி, துண்டு, வெள்ளைச் சட்டை எல்லாம் வீட்டிலிருந்து வர வேண்டும் என்பது சர்க்குலரில் இருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அவன் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங், அப்பா பவர் டேபிள் டெய்லர். முந்தின நாள் இரண்டு பேருக்கும் ஒன்றரை ஷிப்ட். அந்தப் பெண் கேட்டுக்கு வெளியே நின்று போனை என்னிடம் நீட்டினாள். "கைண்ட்லி சென்ட் யுவர் வார்டு இன் கலர் டிரெஸ்" என்று ஆரம்பித்துப் பதினைந்து வரி. "ஏனுங்க்கா, இந்த வார்டுன்னா என்னங்க்கா? நான் கவுன்சிலர் சம்பந்தமா ஏதோ போட்டிருக்காங்கன்னு விட்டுட்டனுங்க" என்றாள். வார்டு என்றால் இங்கே உங்கள் பிள்ளை, அவனைக் கலர் டிரெஸ்ஸில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் சொன்னதும் அவள் அழவில்லை. போனை வாங்கி முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள். டீச்சரிடம் கேட்டதற்கு, சர்க்குலர் மூன்று நாள் முன்னாடியே அனுப்பிவிட்டோமே என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். அந்தப் பையன் அன்றைக்கு மேடை ஏறவில்லை.

மலர், அந்த வகுப்பில் நாற்பது பிள்ளைகள். எனக்குத் தெரிந்து பாதிக்கு மேல் பனியன் கம்பெனி வீடுகள். சனிக்கிழமை சம்பளத்தில் எடுத்து வைத்து எடுத்து வைத்து டேர்ம் பீஸ் கட்டுகிறவர்கள். தங்களுக்கு வராத இங்கிலீஷ் பிள்ளைக்காவது வரட்டும் என்றுதான் இவ்வளவு பாடும். அவர்களுக்கே இங்கிலீஷில் சர்க்குலர் அனுப்பினால் எப்படி? பிள்ளைக்குச் சொல்லித் தரும் பாடம் இங்கிலீஷில் இருக்கட்டும். நாளைக்கு லீவு, வேன் பத்து நிமிஷம் முன்னால் வரும், பூச்சி மாத்திரை தருகிறோம், காலையில் சாப்பிட வைத்து அனுப்புங்கள் என்பதெல்லாம் பெற்றவர்களுக்குப் புரிய வேண்டிய சங்கதி இல்லையா?

அன்று ராத்திரியே ஆரம்பித்தேன். பள்ளியிலிருந்து எது வந்தாலும் வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் தமிழில் எழுதிப் போடுவேன். வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் குரல் பதிவு. முதல் வாரம் நாலு பேர் கேட்டார்கள், இப்போது நான் போடுவதற்குள் "அக்கா, தமிழு?" என்று செய்தி வந்துவிடுகிறது. பக்கத்து செக்‌ஷன் ஆட்களும் சேர்ந்துவிட்டார்கள். அரையாண்டுத் தேர்வு அட்டவணை, ஜனவரி ஆண்டு விழா, விளையாட்டு விழாவுக்கு எந்த ஹவுஸுக்கு எந்தக் கலர் பனியன், மூன்றாம் டேர்ம் பீஸ் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது. பீஸ் சர்க்குலரில் "ஆன் ஆர் பிஃபோர்" என்பதைப் பாதிப் பேர் அந்தத் தேதியன்றுதான் கட்ட வேண்டும் என்று நினைத்து, அன்றைக்கு அரை நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்றிருக்கிறார்கள். "அந்தத் தேதிக்குள்" என்று ஒரே வார்த்தை தமிழில் போட்டேன், இந்தத் தடவை வரிசையே இல்லை. நம் தமிழம்மா இருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார்!

இதுவரைக்கும் எல்லாம் சுமுகம். டூர் சர்க்குலர் வந்தது பார், அங்கேதான் சிக்கல்.

மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஆழியாறு அணை, குரங்கு அருவி. காலை ஐந்தரைக்குக் கிளம்பி ராத்திரி ஒன்பதுக்குத் திரும்புகிறார்கள். கூடவே கையெழுத்துப் போட்டுத் தர ஒரு சம்மதக் கடிதம். நான் வழக்கம்போல வரிக்கு வரி எழுதிக்கொண்டே வந்தேன். கடைசிப் பத்தியில் கை நின்றுவிட்டது. அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "என் பிள்ளையை என் சொந்தப் பொறுப்பில் அனுப்புகிறேன். வழியிலோ சென்ற இடத்திலோ விபத்து, காயம் அல்லது வேறு எது நேர்ந்தாலும் பள்ளி நிர்வாகத்தையோ ஆசிரியர்களையோ பொறுப்பாக்க மாட்டேன்." போன வருஷமும் இதே கடிதத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், மலர். இங்கிலீஷ் தெரிந்த நானே. அடுப்பில் பால் வைத்துவிட்டு, மேஜை ஓரத்தில், படிக்காமல்.

அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு 2004 ஜூலை 16 ஞாபகம் வந்தது. நாம் பத்தாவது. கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் செத்துப் போனார்கள். மறுநாள் பிரேயரில் ஹெட்மாஸ்டருக்குப் பேச்சு வராமல் நின்றாரே, அடுத்த வாரமே நம் கீற்றுக் கொட்டகையைப் பிரித்துப் போட்டார்களே, நீயும் நானும் அந்த ஓலையைத் தூக்கிக்கொண்டு போய் மைதானத்தில் அடுக்கினோம். அந்தப் பிள்ளைகளையும் அன்று காலை யாரோ தலை சீவித்தானே அனுப்பியிருப்பார்கள். அப்புறம் 2012-இல் தாம்பரம் பக்கம் ஒரு சின்னப் பெண் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து செத்துப் போனாள். அதற்குப் பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, முதலுதவிப் பெட்டி, கூட ஓர் உதவியாள் என்று. வருஷா வருஷம் மே மாதம் ஆர்.டி.ஓ. ஆட்கள் வந்து மைதானத்தில் வண்டிகளை நிறுத்திப் பார்க்கிறார்கள். சரி, அது பள்ளி வண்டிக்கு. டூருக்கு வெளியிலிருந்து வாடகை வண்டி பிடித்தால்?

கையெழுத்துப் போட்டதால் சட்டப்படி அவர்கள் பொறுப்பு போய்விடுமா என்பதை வக்கீல்கள் பேசட்டும். என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் நாற்பது வீட்டில் கையெழுத்துப் போடுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்படியே தமிழில் எழுதிக் குழுவில் போட்டேன். மறுநாள் 11 பேர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், பிள்ளையை அனுப்பவில்லை என்று.

தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். மரியாதையாகத்தான் பேசினார். "ஏம்மா, இது எல்லாப் பள்ளியிலயும் இருக்கிற பார்மட். நீங்க தமிழ்ல போட்டதும் ஜனங்க பயந்துட்டாங்க" என்றார். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. இங்கிலீஷில் இருந்தபோது பயப்படாதவர்கள் தமிழில் பார்த்ததும் பயந்தார்கள் என்றால், இத்தனை வருஷம் அவர்கள் எதற்குச் சம்மதம் கொடுத்தார்கள்? இதை அப்படியே கேட்டேன், மலர். குரல் நடுங்கியது, ஆனாலும் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தமிழ்ல அனுப்பினா இங்கிலீஷ் மீடியம்னு சொல்லிட்டுத் தமிழ்ல லெட்டர் போடறாங்கன்னு பேரன்ட்ஸே குறை சொல்வாங்கம்மா" என்றார். அதுவும் பொய்யில்லை. குழுவிலேயே இரண்டு பேர் எனக்குத் தனியாக அப்படி எழுதினார்கள். ஆனால் இரண்டு பக்கத்தில் இரண்டு மொழியும் அச்சடிக்க எவ்வளவு செலவாகிவிடும்? அதே தாளின் பின்பக்கம் காலியாகத்தானே கிடக்கிறது.

அந்தக் கடைசிப் பத்தியை எடுத்துவிட்டு, பள்ளி என்ன ஏற்பாடு செய்திருக்கிறது என்று எழுதச் சொல்லிக் கேட்டேன். எத்தனை பிள்ளைக்கு ஒரு டீச்சர், யாருடைய வண்டி, தண்ணீரில் இறக்குவார்களா மாட்டார்களா, அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி, யார் போன் எடுப்பார்கள். இது தெரிந்தால் அந்த 11 பேரும் அனுப்புவார்கள். நானும் அனுப்புவேன். பாப்பா இப்போதே பைக்குள் பிஸ்கட் எடுத்து வைத்துவிட்டாள், அவளிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

யோசிக்கிறேன் என்றார். வருகிற சனிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் கூட்டம், அங்கே பேசுங்கள் என்றும் அவரே சொன்னார். இதற்குத்தான் நீ வேண்டும். உன் பள்ளியில் மேலாண்மைக் குழு இருக்கிறது, கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசி பெற்றோர், பாதி பெண்கள். ஆடு மேய்க்கிற அம்மா தலைவியாக உட்கார்ந்து தீர்மானம் போட்டதை ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாயே, அப்போது ஏதோ நீ பெருமையடிக்கிறாய் என்று வேகமாகப் படித்துவிட்டேன். இப்போது நாலு தடவை படித்தாயிற்று. அரசு உதவி பெறாத எங்கள் பள்ளி மாதிரி இடங்களுக்கு அந்தக் குழு கட்டாயமில்லை. எங்கள் கூட்டத்தில் அவர்கள் பேசுவார்கள், நாங்கள் கேட்போம், டீ வரும், கலைந்துவிடுவோம். நாம் சொன்னதை எழுதி வைக்க ஒரு நோட்டுகூடக் கிடையாது.

ஆகவே, உங்கள் குழுவின் தீர்மானப் பதிவேட்டில் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. பேர் எதுவும் தெரிய வேண்டாம், எழுதுகிற முறை தெரிந்தால் போதும். பெற்றோர் பேச ஆரம்பித்ததும் நடுவில் யாராவது பேச்சை மாற்றினால் அந்த அம்மா என்ன செய்வார் என்றும் எழுது. அந்தப் பையனின் அம்மாவும் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாள், அரை நாள் லீவு சொல்லிவிட்டாள். அவள் பேசுவதாக இருந்தால் நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். உனக்கு அன்றைக்குப் பள்ளி இல்லையென்றால் காலை பஸ் பிடித்து நேரே வீட்டுக்கு வந்துவிடு, கூட்டம் மூன்று மணிக்குத்தான். கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன்.

உன்
சாந்தி