அந்தச் சதவீதத்தைப் பார்த்து இரவுச் சாப்பாட்டை விடாதே

அன்புள்ள கயல்,

முதலில் இரவில் பட்டினி கிடப்பதை நிறுத்து. மற்றதை அப்புறம் பேசலாம். போனில் நீ அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டாய். அப்பா பக்கத்தில் இருந்ததால் நானும் அதிகம் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை 32.6 சதவீதம் கொழுப்பு என்று காட்டிய எடைக் கருவி, மறுநாள் காலை 35 என்று காட்டியதாம். அதைப் பார்த்துவிட்டு அன்று இரவு வெந்நீரை மட்டும் குடித்துப் படுத்தாயாம். நீ அதைச் சாதாரணமாகச் சொன்னாய். எனக்கு அது மனதைவிட்டுப் போகவே இல்லை.

கணக்குப் போட்டுப் பார். உன் எடை 58 கிலோ. அதில் 2.4 சதவீதம் ஏறக்குறைய 1.4 கிலோ. ஒரு கிலோ உடல் கொழுப்பு சுமார் 7,700 கலோரிக்குச் சமம். அப்படியானால் ஒரே நாளில், வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் பத்தாயிரம் கலோரிக்குமேல் நீ சாப்பிட்டிருக்க வேண்டும். அது ஐந்து நாள் சாப்பாடு. திங்கட்கிழமை நாள் முழுவதும் ரயிலிலும் அலுவலகக் கூட்டத்திலும் இருந்தேன், தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை என்று நீயே சொன்னாய். காரணம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

இத்தனை வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள் நான். அந்தக் கருவிக்குள் நடப்பதைச் சொல்லாமல் உன்னைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரியாது. நீ வெறுங்காலுடன் ஏறி நிற்கும்போது ஒரு பாதத்தின் வழியாக மிகச் சிறிய மாறுதிசை மின்னோட்டம் உள்ளே போகிறது. ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு, வழக்கமாக 50 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண். காலில் ஏறி, இடுப்பைக் கடந்து, மற்றக் காலில் இறங்கி, அடுத்த பாதத்தின் வழியாக வெளியே வருகிறது. தசையில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட தண்ணீர், அதில் உப்புகள் கரைந்திருக்கின்றன. ஆகவே மின்னோட்டம் சுலபமாகப் போகும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, தடை அதிகம். அந்தத் தடையை மட்டும்தான் கருவி அளக்கிறது. பிறகு நீ பதிந்து வைத்த உயரம், வயது, பாலினம், எடை எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு, உனக்கு இவ்வளவு கொழுப்பு இருக்கலாம் என்று மதிப்பிடுகிறது.

சந்தேகமிருந்தால் ஒன்று செய்து பார். பெரும்பாலான கருவிகளில் விளையாட்டு வீரர் என்று ஒரு தெரிவு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து மறுபடி ஏறி நில். உடம்பில் ஒரு கிராம்கூட மாறாமல் உன் சதவீதம் கீழே இறங்கும். வயதை இருபது வருடம் கூட்டிப் போட்டாலும் எண் மாறும். இப்படி மாறக்கூடிய எண்ணுக்காகவா நீ பட்டினி கிடப்பது?

உடம்பில் நீர் குறைந்தால் தடை கூடும், கருவி அதைக் கொழுப்பு என்று காட்டும். ஏறுவதற்குச் சற்று முன் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தாலும் வம்புதான்: எடை ஒரு கிலோ கூடிவிடும், வயிற்றில் நிற்கும் அந்தத் தண்ணீர் மின்னோட்டப் பாதைக்கு இன்னும் வந்திருக்காது, கூடியதில் பெரும்பகுதி கொழுப்புக் கணக்கில் போய்ச் சேரும். வெந்நீரில் குளித்த உடனே நின்றால் குறைத்துக் காட்டும். லீட்ஸ் நகரத்துக் குளிரில் உன் பாதங்கள் வறண்டு வெடித்திருக்கும். அந்தத் தோலும் தடையைக் கூட்டும். மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் உடம்பில் நீர் தங்குவதால் எடையும் சதவீதமும் ஏறி இறங்கும். அந்த நாட்களில் ஏறவே ஏறாதே.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கடத்தியின் நீளம் கூடினால் தடை கூடும், குறுக்குப் பரப்பு கூடினால் தடை குறையும் என்று உனக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒல்லியான நீளக் குழாயில் தண்ணீர் திணறுவதைப்போல மின்னோட்டம் உன் கால்களில்தான் திணறுகிறது. வயிறு அகலமானது, அங்கே தடை மிகக் குறைவு. அதிலும் பாதத்திலிருந்து பாதத்துக்குப் போகும் மின்னோட்டம் வயிற்றின் மேற்பகுதியைத் தொடுவதே இல்லை. ஆகவே நம்மைப் போன்றவர்கள் எங்கே கொழுப்புச் சேருகிறது என்று பயப்பட வேண்டுமோ, அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கருவிக்கு மிகக் குறைவாகத் தெரியும். வயிற்றுக்குள் கொழுப்பு என்று அது தனியாகக் காட்டும் எண்ணும் மதிப்பீடுதான்.

நம்மைப் போன்றவர்கள் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயின் யாக்னிக், இன்னொருவர் லண்டனின் யுட்கின். இருவருக்கும் உடல் நிறை குறியீடு, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, ஒன்றேதான், 22.3. உடம்பின் கொழுப்பை எக்ஸ்ரே கதிரால் அளக்கும் டெக்சா ஸ்கேனில் பார்த்தபோது யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. உன் அப்பத்தா அப்படித்தான் இருந்தார்கள். கைகால் குச்சி குச்சியாக, வயிறு மட்டும் சற்று முன்தள்ளி. குண்டானவர்களுக்குத்தான் சர்க்கரை வரும் என்று ஊரே நம்பிய காலம் அது. கால் புண் ஆறாமல் மருத்துவமனைக்குப் போன பிறகுதான் நோய் தெரிந்தது.

அதனால் நீ கவலைப்படுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. உன் குறியீடு 22.7. தெற்காசியர்களுக்கு 23இலிருந்தே கவனம் தேவை என்று நீ இருக்கும் பிரிட்டனிலும் வழிகாட்டுகிறார்கள். கவனிக்கத்தான் வேண்டும். அதைச் சரியான கருவியால் கவனி. ஓர் இஞ்ச் டேப் வாங்கு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்று. வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை விட்ட நிலையில் அளந்து பார். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உன் உயரம் 160, அதில் பாதியும் அதுதான், மறக்காது.

எடைக் கருவியைத் தூக்கிப் போட வேண்டாம். வாரம் ஒரு நாள், காலையில் கழிப்பறை போய்வந்த பின், காப்பி குடிப்பதற்கு முன், பாதத்தைத் துடைத்துவிட்டு ஏறு. எண்ணைக் குறித்து வைத்துவிட்டு மறந்துவிடு. இரண்டு மூன்று மாதம் கழித்து வரிசையாகப் பார்த்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். அதற்கு அது நல்ல கருவி. நீ எடை தூக்கும் பயிற்சிக்குப் போவதாகச் சொன்னாய், எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதை விடாதே. சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்வது தசைதான். தசை சேரும்போது எடை குறையாமலேயே இடுப்பு சுருங்கும். ஆனால் பட்டினி கிடந்துகொண்டே எடை தூக்கினால் தசை சேராது.

20 சதவீதத்துக்கு வர வேண்டும் என்று அந்தக் கருவியோடு சேர்ந்த போன் செயலி உனக்கு இலக்கு வைத்திருக்கிறதாமே. அதை அழித்துவிடு. பெண் உடம்புக்குக் கொழுப்பு கூடுதலாகத் தேவை. போதிய அளவு சாப்பிடாமல் கொழுப்பைக் கரைத்துக்கொண்டே போனால் மாதவிலக்கு நின்றுபோகும், எலும்பும் தேயத் தொடங்கும். உன் வயதில் எலும்பை இழந்தால் என் வயதில் அதை மீட்க முடியாது.

இந்த மாதமே உன் ஜி.பி. என்கிற குடும்ப மருத்துவரிடம் போய், அப்பத்தாவுக்குச் சர்க்கரை இருந்ததைச் சொல்லி, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைப் பரிசோதிக்கச் சொல். முடிவு வந்ததும் எனக்கு எழுது. நல்லதோ கெட்டதோ, மறைக்காதே.

இன்னொரு விஷயம். தீபாவளிக்கு எங்களுக்கும் அதே போன்ற கருவி ஒன்றை ஆன்லைனில் அனுப்பினாயே, அதில் அப்பா ஏறக் கூடாது. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று அதன் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. இதய மருத்துவரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பழைய முள் தராசே அவருக்குப் போதும். ஆனால் மகள் அனுப்பியதாயிற்றே என்று தினமும் அதைத் துடைத்துவைத்து, ஒரே ஒருமுறை ஏறிப் பார்க்கிறேன் என்கிறார். நான் சொன்னால் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீயே அவரிடம் கண்டிப்பாகச் சொல். உன் பேச்சைத் தட்டமாட்டார்.

அன்புடன்,
அம்மா
திண்டுக்கல்