கண்ணாடி முகப்பு கேபினட்டின் காற்றோட்டக் குறை, ஃபேன் ஹப் வாரண்டி மறுப்பு: புகார்

அனுப்புநர்:
கல்யாண வீடியோ எடிட்டிங் தொழில் செய்பவர்,
செல்லூர், மதுரை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
கம்ப்யூட்டர் கேபினட் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: பழுதான ஃபேன் ஹப்பை மாற்றித் தரவும், வலை முகப்பைத் தனியாக விற்கவும், விளம்பர வாசகத்தைத் திருத்தவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் கண்ணாடி முகப்பு கேபினட் ஒன்றை இந்த வருடம் தை மாதம் மதுரையில் ஒரு கடையில் 6,800 ரூபாய்க்கு வாங்கினேன். அதோடு வந்த ஃபேன் ஹப், அதாவது முன்பக்க ஃபேன்களையெல்லாம் மாட்டி ஓட்டும் சின்ன சர்க்யூட் போர்டு, பழுதாகிவிட்டது. மாற்றித் தரும்படி கேட்டதற்கு, கேபினட்டை வெட்டி மாற்றியிருக்கிறேன் என்று சொல்லி உங்கள் சர்வீஸ் சென்டர் வாரண்டியை மறுத்துவிட்டது. வெட்டியது உண்மைதான். ஏன் வெட்ட வேண்டி வந்தது, எங்கே வெட்டினேன், அதற்கும் ஹப்புக்கும் ஏன் சம்பந்தமில்லை என்பதையெல்லாம் போனில் முழுதாகச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதனால் எழுத்தில் தருகிறேன்.

என் தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில்தான் வேலை குவியும். அதே மாதங்களில்தான் மதுரையில் வெயிலும் உச்சத்தில் இருக்கும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. நான் வேலை செய்யும் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது. பகல் முழுக்கக் காய்ந்த தளம் ராத்திரி பத்து மணிக்கும் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். அறைக்குள் 36 டிகிரி என்பது கோடையில் சாதாரணம்.

கம்ப்யூட்டரில் இன்டெல் ஐ7 12700 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, பிராசசருக்கு ஒரு டவர் ஏர் கூலர். ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்கும் வேலை) ஓடும்போது பிராசசர் 180 வாட் வரைக்கும், கிராபிக்ஸ் கார்டு 170 வாட் வரைக்கும் இழுக்கும். ஆக 350 வாட் சூடு அந்தப் பெட்டிக்குள் இறங்குகிறது. பெட்டிக்குள் இருக்கும் காற்று அறையைவிட 10 டிகிரிக்கு மேல் சூடாகாமல் இருக்க வேண்டுமானால், வினாடிக்குச் சுமார் 30 லிட்டர் காற்று உள்ளே வந்து வெளியே போக வேண்டும். இதைத் தெரிந்துகொண்டுதான், அட்டைப் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் 'அதிகக் காற்றோட்டம்' என்று போட்டிருந்த உங்கள் கேபினட்டைத் தேர்ந்தெடுத்தேன். முன்பக்கம் மூன்று 120 மி.மீ. ஃபேன், பின்பக்கம் ஒன்று. பார்க்கப் போதுமானதாகத்தான் இருந்தது.

பங்குனியிலேயே தொல்லை ஆரம்பித்துவிட்டது. ரெண்டர் போட்ட கொஞ்ச நேரத்தில் பிராசசர் 100 டிகிரியைத் தொட்டுவிடும். அந்தப் பிராசசருக்கு அதுதான் எல்லை, அதற்கு மேல் போகாமல் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது 3.7க்கு இறங்கியது. கிராபிக்ஸ் கார்டு 84 டிகிரியில் நின்றது. கூலரைக் கழற்றி, பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றிப் பார்த்தேன், மதர்போர்டின் பயோஸ் செட்டிங்கில் ஃபேன் வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன். சத்தம்தான் கூடியது.

அப்புறம் முன்பக்கக் கண்ணாடி பேனலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அதே புராஜெக்ட்டை ஓட்டினேன். வேறு எதையும் தொடவில்லை, அறையும் அதே 36 டிகிரியில்தான் இருந்தது. பிராசசர் 86 டிகிரி. கிராபிக்ஸ் கார்டு 75. பேனலைத் திரும்ப மாட்டியதும் பழையபடி 100.

காரணத்தை உங்கள் வடிவமைப்பாளர்களே ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பார்க்கலாம். ஒரு 120 மி.மீ. ஃபேனின் வாய் சுமார் 113 சதுர சென்டிமீட்டர். மூன்றுக்கும் சேர்த்து 340 வரும். ஆனால் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று நுழைய நீங்கள் விட்டிருக்கும் இடம், இரண்டு பக்கமும் 8 மி.மீ. அகலத்தில் 36 செ.மீ. நீளத்துக்கு ஒரு இடுக்கு. கூட்டினால் 58 சதுர சென்டிமீட்டர்கூட வரவில்லை. ஃபேன்களின் வாயில் ஆறில் ஒரு பங்கு. அதிலும் காற்று நேராக நுழைய முடியாது, பக்கவாட்டில் வந்து திரும்பி, நெருக்கமான நைலான் தூசி வடிகட்டி ஒன்றையும் தாண்டித்தான் ஃபேனுக்குப் போக வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வது போல இருக்கிறது இது. ஃபேன் எவ்வளவு காற்றைத் தள்ளும் என்று அட்டையில் போட்டிருக்கும் கணக்கெல்லாம் முன்னால் எந்தத் தடையும் இல்லாதபோது கிடைக்கும் கணக்கு. இந்த இடுக்கின் பின்னால் அது கிடைக்காது.

ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அந்த இடுக்கில் பிடித்துப் பார்த்தேன். புகை மெதுவாகத்தான் உள்ளே போனது. பின்பக்கம் கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே இருக்கும் ஸ்லாட் மூடிகளின் துளைகளில் பிடித்தபோது புகை சட்டென்று உள்ளே இழுக்கப்பட்டது. அதாவது முன்னால் போதுமான காற்று வராததால் பின்பக்க ஃபேன் கண்ட ஓட்டை வழியாகவும் காற்றை இழுக்கிறது. அந்த ஓட்டைகளில் வடிகட்டி கிடையாது. செல்லூர்த் தூசி முழுக்க அந்த வழியாகத்தான் உள்ளே போய் கிராபிக்ஸ் கார்டின் ஹீட்சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளில்) படிந்திருந்தது. தூசி வடிகட்டி இருக்கிறது என்று சொல்லி விற்ற கேபினட்டுக்குள் இவ்வளவு தூசி எப்படி வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

ஒரு அங்குலத்தைக்கூட வெட்டுவதற்கு முன்னால் இதையெல்லாம் உங்கள் வாடிக்கையாளர் சேவைக்குச் சொன்னேன். போனில் பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "சார், ஏசி ரூம்ல வெச்சுப் பாருங்க, பிரச்சினை வராது" என்றார். ஏர் கூலிங்கில் எந்தப் பாகமும் அறைக் காற்றைவிடக் குளிர்ந்து போக முடியாது என்பது எனக்கும் தெரியும். 24 டிகிரி அறையில் சோதித்தால் 88 டிகிரியில் நிற்கும் பிராசசர், 36 டிகிரி அறையில் 100ஐத் தொடும். அந்த 12 டிகிரியை எங்கள் ஊர் வெயில் தின்றுவிடுகிறது. அதனால்தான் இங்கே விற்கும் கேபினட்டுக்குக் கூடுதல் காற்று வேண்டும் என்கிறேன். ஏசி அறையில் மட்டுமே வைக்க வேண்டும் என்று பெட்டியிலோ கையேட்டிலோ ஒரு வரிகூட இல்லை. மதுரையில் என்னைப் போல வீட்டிலேயே எடிட்டிங், ஆல்பம் டிசைன், பிளெக்ஸ் டிசைன் செய்பவர்களில் நாள் முழுக்க ஏசி ஓட்டக் கட்டுப்படியாகிறவர்கள் எத்தனை பேர்? உங்கள் கேபினட்டை வாங்குவது நாங்கள்தான்.

இதே சட்டத்தில், இதே அளவில், முன்பக்கம் உலோக வலை வைத்த இன்னொரு மாடலையும் நீங்கள் விற்கிறீர்கள். அந்த வலை முகப்பை மட்டும் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டேன். உதிரிப் பாகமாக விற்பதில்லை என்று பதில் வந்தது. எனக்கு மிகவும் வருத்தம் தந்தது அந்தப் பதில்தான். கிளிப் முதற்கொண்டு அப்படியே பொருந்தக்கூடிய ஒரு முகப்பு உங்கள் கிடங்கில் இருக்கிறது. அதைக் கொடுத்திருந்தால் மற்ற எதுவுமே நடந்திருக்காது.

வைகாசி முகூர்த்த வேலைகளுக்குத் தேதி கொடுத்தாகிவிட்டது. வேறு வழியில்லாமல் எங்கள் தெருவில் உள்ள கிரில் பட்டறையில் ஒரு முகப்பு செய்துகொண்டேன். சூடாக்கிப் பதப்படுத்திய டெம்பர்டு கண்ணாடியில் துளை போட்டால் நொறுங்கிவிடும் என்பதால் அதைத் தொடவே இல்லை. பத்திரமாக அட்டையில் சுற்றி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் இன்றைக்கும் திரும்ப மாட்டலாம். அதற்குப் பதிலாக 1 மி.மீ. தடிப்புள்ள துளைத் தகடு. துளை 5 மி.மீ., மையத்துக்கு மையம் 6 மி.மீ., வரிசை மாற்றிப் போட்டது. பரப்பில் 60 சதவீதத்துக்கு மேல் திறந்த வெளி கிடைக்கும். பின்னால் பிரித்துக் கழுவுகிற மாதிரி ஒரு மெல்லிய வலை.

பின்பக்க ஃபேனுக்கு நேராக நீங்கள் தகட்டிலேயே குத்தி வைத்திருக்கும் துளைகளும் காற்றைத் தடுத்தன. அந்தப் பகுதியை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, 105 மி.மீ. இடைவெளியில் இருக்கும் உங்கள் ஸ்குரூ துளைகளிலேயே ஒரு கம்பி கிரில்லை மாட்டினேன். வெட்டுவதற்கு முன் மதர்போர்டு, பவர் சப்ளை, ஃபேன், ஹப், ஒயர் எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வெறும் கூட்டை மட்டும்தான் பட்டறைக்கு எடுத்துப் போனேன். இரும்புத் தூள் ஒரு துளி போர்டில் விழுந்தாலும் என்ன ஆகும் என்று தெரிந்துதான் அப்படிச் செய்தேன். வெட்டிய ஓரத்தை அரம் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து, ரப்பர் பீடிங் வைத்தேன். கூட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவைத்த பிறகுதான் பாகங்களைத் திரும்பப் பொருத்தினேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டோ இருக்கிறது.

பலன், அறை 36 டிகிரியில் இருக்கும்போது பிராசசர் 84, கிராபிக்ஸ் கார்டு 74. முன்பு 1 மணி 35 நிமிடம் பிடித்த ரெண்டர் 1 மணி 20 நிமிடத்தில் முடிகிறது. ஊதுபத்திப் புகை இப்போது ஸ்லாட் துளைகளில் உள்ளே போகவில்லை, வெளியே தள்ளப்படுகிறது. உங்கள் ஃபேன்கள் நல்ல ஃபேன்கள். கொஞ்சம் வழி விட்டதும் அவை நன்றாகவே வேலை செய்தன.

ஆனி மாதம் ஒரு ரெண்டர் நடுவில் முன்பக்க மூன்று ஃபேன்களும் ஒரே நேரத்தில் நின்றன. அவற்றில் எரியும் விளக்கும் அணைந்தது. பொதுவாக மதர்போர்டில் மாட்டும் 4 பின் கனெக்டர் உங்கள் ஃபேன்களில் இல்லை. உங்கள் ஹப்புக்கு மட்டுமே பொருந்தும் 6 பின் கனெக்டர்தான் இருக்கிறது. அதனால் ஹப் போனால் அத்தனை ஃபேனும் போன மாதிரிதான். நான் வாங்கிய கடையின் அண்ணன் தன்னிடமிருந்த இதே மாதிரி ஹப் ஒன்றில் என் ஃபேன்களை மாட்டிப் பார்த்தார், மூன்றும் சுழன்றன. என் ஹப்பைப் பக்கத்தில் இருந்த வேறு ஒரு சிஸ்டத்தில் மாட்டினார், அங்கேயும் அது ஓடவில்லை. ஆக, பழுது ஹப்பில்தான் என்பது தெளிவு. ஹப்புக்கு ஒரு வருட வாரண்டி என்று உங்கள் கார்டிலேயே இருக்கிறது.

சர்வீஸ் சென்டரில் கேபினட்டைத் திருப்பிப் பார்த்ததும், "பின்னாடி கட் பண்ணியிருக்கீங்க சார், வாரண்டி போயிடுச்சு" என்றார்கள். ஹப்பைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் வாரண்டி கார்டு, அனுமதியில்லாத மாற்றத்தால் உண்டாகும் சேதத்துக்குத்தான் பொறுப்பில்லை என்கிறது. ஹப் இருப்பது மதர்போர்டுத் தட்டுக்குப் பின்னால். நான் வெட்டிய இடம் பின்பக்க ஃபேன் வாய். தகடு வெட்டும்போது ஹப் அந்தக் கூட்டில் இல்லவே இல்லை. கூட்டைத் திரும்பப் பூட்டிய பிறகும் அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் சூடு குறைந்த பிறகு ஹப்புக்கும் நன்மைதானே தவிரக் கெடுதல் இல்லை. வெட்டியதால்தான் அது பழுதானது என்று உங்கள் டெக்னீஷியன் கருதினால், ஹப்பைத் திறந்து பார்த்துக் காரணத்தை எழுத்தில் தரட்டும். கூட்டை வெட்டியதால் கூட்டுக்கு வாரண்டி இல்லை என்றால் சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன். கூட்டுக்கு நான் எதுவும் கேட்கவில்லை.

எனக்கு உடனடியாக வேண்டியது ஒரு மாற்று ஹப். இப்போதைக்கு ஒரு டேபிள் ஃபேனை முகப்பில் வைத்து வேலையை ஓட்டுகிறேன். பகலில் கனமான ரெண்டர் போட முடியவில்லை. ஆவணி முகூர்த்த வேலைகள் வருவதற்குள் அது கையில் கிடைக்க வேண்டும்.

அடுத்தது, வலை முகப்பை நியாயமான விலைக்கு உதிரிப் பாகமாக விற்க ஏற்பாடு செய்யுங்கள். இது எனக்காக அல்ல, என் முகப்பு வேலை முடிந்துவிட்டது. இதே கேபினட்டை வைத்துக்கொண்டு ராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் கோடையைத் தள்ளும் மற்றவர்கள் தகடு வெட்டும் நிலைக்கு வர வேண்டாம். எல்லாராலும் பட்டறைக்குப் போய் அளவு சொல்லிச் செய்துகொள்ள முடியாது, பாகங்களைக் கழற்றாமல் வெட்டிவிட்டால் ஆயிரக்கணக்கில் நஷ்டம் வரும். கூடவே 6 பின்னிலிருந்து 4 பின்னுக்கு மாற்றும் ஒரு ஒயரையும் பெட்டியில் போட்டுக் கொடுத்தால், ஹப் போனாலும் அவர்களுடைய வேலை நிற்காது.

'அதிகக் காற்றோட்டம்' என்ற வாசகத்தை இந்தக் கண்ணாடி மாடலின் அட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள். அது வேண்டும் என்றால், முகப்பில் காற்று நுழையும் திறந்த பரப்பு எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று பக்கத்திலேயே அச்சிடுங்கள். அழகுக்காகக் கண்ணாடி கேட்கிறவர்கள் அதைத் தாராளமாக வாங்கட்டும். வேலைக்காக வாங்குகிறவர்கள் அளவைப் பார்த்து முடிவு செய்துகொள்வார்கள்.

பில் நகல், வாரண்டி கார்டு நகல், பேனல் உள்ளபோதும் இல்லாதபோதும் எடுத்த வெப்ப அளவுகளின் ஸ்கிரீன்ஷாட், வெட்டும் வேலையின் போட்டோக்கள், ஹப் சோதனையின் வீடியோ ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஹப்பை எந்த முகவரிக்கு அனுப்பச் சொன்னாலும் அனுப்பத் தயார்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்வேன். அதற்கும் தீர்வு இல்லை என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே மனு போட அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது, தவறான விளம்பரமும் அதில் அடங்கும். அதுவரை போக வேண்டிய தேவை வராது என்று நம்புகிறேன். நான் கேட்பது ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, அதை ஒரு கூரியரில் அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
செல்லூர், மதுரை.